சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?

கேள்வி இதுதான். சென்னையில் இருக்கும் ஒரு தம்பி தன் அம்மாவை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப்போக நினைக்கிறார். அம்மா பிறந்தது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துச் சுன்னாகத்தில். தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 355 கிலோமீட்டர் என்று வருகிறது, இன்னோரிடத்தில் 380, வேறோரிடத்தில் 600ஐத் தாண்டுகிறது. விமான நேரத்தை ஒருவர் ஒன்றேகால் மணி என்கிறார், இன்னொருவர் ஒன்றரை என்கிறார். மதுரை இதைவிடத் தள்ளி இருக்கிறது, அதற்கும் ஏறக்குறைய இதே நேரம்தானே ஆகிறது, எப்படி? நேரே போவதா, கொழும்பு வழியாகப் போவதா?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 355 கிலோமீட்டர். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி. அதில் ஆகாயத்தில் இருப்பது ஐம்பது நிமிடம், ஒரு மணிக்குள். நேரடி விமானம் கிடைத்தால் நேரேதான் போக வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊர் ஜோடியில் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

355 என்ற எண்ணை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மீனம்பாக்கம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 12.99 பாகையில் இருக்கிறது. பலாலி 9.79 பாகையில். தீர்க்கரேகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அங்கே 80.17, இங்கே 80.07. அதாவது சென்னை விமான நிலையத்தில் நின்றுகொண்டு நேர்தெற்கே ஒரு கோடு இழுத்தால் அது பலாலி ஓடுதளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பக்கத்தில் போய் முடியும். ஒரே தீர்க்கரேகையில் இருக்கும் ஊர்களுக்கு நடுவே தூரம் கண்டுபிடிக்கப் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். 12.99லிருந்து 9.79ஐக் கழித்தால் 3.20. அதை 111ஆல் பெருக்கினால் 355 வந்துவிடும். விமானிகளுக்கு இன்னும் சுலபம். அவர்கள் கணக்குப் பார்ப்பது கடல் மைலில். ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 192. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். (கிழக்கு மேற்காக விலகி இருக்கும் ஊர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு செல்லாது. அதற்குக் கோள முக்கோணவியல் வேண்டும்.)

அப்புறம் 380 எங்கிருந்து வந்தது? அது ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளந்தது. சென்னைக்கு வரைபடத்தில் குத்தியிருக்கும் புள்ளி சென்ட்ரல், பாரிமுனைப் பக்கம் இருக்கிறது. மீனம்பாக்கம் அதற்குத் தென்மேற்கே. யாழ்ப்பாணத்துக்குப் போட்டிருக்கும் புள்ளி யாழ் நகரம். பலாலியோ அதற்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, காங்கேசன்துறைக்குப் பக்கத்தில். ஆக, விமானம் இந்த முனையிலும் அந்த முனையிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறது. இரண்டு எண்ணும் சரியே, அளந்த புள்ளிகள்தான் வேறு. உங்களுக்கு இது வெறும் எண் விளையாட்டும் இல்லை. சுன்னாகம் யாழ் நகரத்துக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட வலிகாமம் என்ற பகுதியில் இருக்கிறது. உங்கள் பயணத்துக்கு 380ஐ மறந்துவிடலாம்.

600க்கு மேல் காட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை சாலையைப் போட்டு, அங்கிருந்து கடலைத் தாண்டி மன்னார் வழியாக ஒரு கோட்டை இழுத்துவிட்டு அதைச் 'சாலைத் தூரம்' என்று சொல்லும் தளங்கள் இருக்கின்றன. கடலில் சாலை கிடையாது. விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒருகாலத்தில் அந்த வழியில்தான் எல்லாரும் போனார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரிலிருந்து போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் முப்பது கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார், அங்கே மறுபடி ரயில். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல வழி. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத்தான் சுற்று. தலைமன்னார் ரயில் தென்கிழக்கே மதவாச்சிக்கு இறங்கும். அங்கே வண்டி மாறி, மறுபடி வடக்கே வவுனியா, கிளிநொச்சி என்று ஏறி யாழ்ப்பாணம் வர வேண்டும். வரைபடத்தில் அதை விரலால் தடவிப் பாருங்கள், தெற்கே போய், இன்னும் தெற்கே போய், அப்புறம் வடக்கே வருவீர்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்சகாலம் ஓடி, போர் தொடங்கிய காலத்தில் அதுவும் நின்றது.

சரி, விமானத்துக்கு வருவோம். நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஏர் சிலோன் என்ற அந்தக் காலத்து இலங்கை விமான நிறுவனத்தின் முதல் விமானம் எங்கே பறந்தது தெரியுமா? 1947 டிசம்பர் 10ஆம் தேதி, கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. காங்கேசன்துறை என்று அவர்கள் சொன்னது இந்தப் பலாலி ஓடுதளத்தைத்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர்கள் போட்டது. விமானம் டக்கோட்டா, அதாவது டிசி-3. அது மணிக்குச் சுமார் 280 கிலோமீட்டர் போகும். 355ஐ அந்த வேகத்தில் கடக்க ஒன்றேகால் மணிக்குச் சற்று மேல். இன்றைக்கு டிக்கெட்டில் பாருங்கள், அதே ஒன்றேகால் மணி! எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் முன்னேற்றமே இல்லையா என்று தோன்றும். இருக்கிறது, ஆனால் பறக்கும் நேரத்தில் மிச்சமானதைத் தரை தின்றுவிடுகிறது.

டிக்கெட்டில் போடும் நேரத்தைப் 'பிளாக் டைம்' என்பார்கள். விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கட்டை வைத்திருப்பார்கள். புறப்படும் ஊரில் அந்தக் கட்டையை உருவியதிலிருந்து சேரும் ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. அதற்குள் தரையில் ஊர்ந்து ஓடுதளத்துக்குப் போவது, முன்னால் நாலைந்து விமானம் நின்றால் காத்திருப்பது, பறப்பது, இறங்கிய பின் நிற்குமிடத்துக்கு வருவது எல்லாம் சேர்த்தி. சென்னையில் இந்தத் தரைப் பகுதிக்கு மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கித்தான் அட்டவணை போடுவார்கள். பலாலியில் அந்தத் தொல்லை இல்லை. இறங்கியதும் திரும்பினால் கட்டிடம். முன்னால் வரிசையும் இல்லை, பின்னால் வரிசையும் இல்லை.

அடுத்தது விமானம். மதுரையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். சென்னை–மதுரை வான்வழித் தூரம் சுமார் 418 கிலோமீட்டர், யாழ்ப்பாணத்தைவிட அறுபது கிலோமீட்டர் அதிகம். ஆனால் மதுரைக்கு ஏ320 போன்ற ஜெட் போகும். அது உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கும். பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, விசிறி எஞ்சின் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர். 2019இல் பலாலியை யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது பயன்பாட்டுக்குத் தயார்செய்த ஓடுதளம் ஏ320க்கெல்லாம் போதாது. குட்டையான தளத்தில் ஏறி இறங்கக்கூடியது ஏடிஆர்தான். ஆகவே ஓடுதள நீளம் விமானத்தைத் தீர்மானிக்கிறது, விமானம் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் வேகம் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடினால் நேரமும் அப்படியே குறைய வேண்டும் அல்லவா? குறையாது. முழு வேகம் என்பது உச்ச உயரத்தில் நேராகப் போகும்போது மட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் எந்த விமானமும் மெதுவாகத்தான் போகும். 355 கிலோமீட்டரில் ஏற ஒரு பங்கு, இறங்க ஒரு பங்கு போனால் நடுவில் நேராகப் பறக்க மிச்சம் கொஞ்சம்தான். ஜெட் இருந்தாலும் இந்த வழியில் பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் கால்மணி நேரம் லாபம். இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊருக்கு ஜெட் வரவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

நான் மனக்கணக்காக வைத்துக்கொண்டிருக்கும் ஒரு வழி இது. ஜெட் என்றால் கிலோமீட்டரை 800ஆல் வகுத்து வரும் மணி நேரத்தோடு முப்பத்தைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் என்றால் 480ஆல் வகுத்து அரைமணி சேருங்கள். 355ஐ 480ஆல் வகுத்தால் 44 நிமிடம், அரைமணி சேர்த்தால் 74. ஒன்றேகால் மணி வந்துவிட்டது. திருச்சி–யாழ்ப்பாணம் வெறும் 183 கிலோமீட்டர். அதற்கு இந்தக் கணக்கில் ஐம்பத்து மூன்று நிமிடம் வருகிறது, அட்டவணையில் ஒரு மணி அளவில் போடுகிறார்கள். சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,925 கிலோமீட்டர், ஜெட் கணக்கில் நாலேகால் மணி. ஒத்துப்போகிறதா என்று உங்களுக்குத் தெரிந்த ஊர்களுக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வரும்.

திரும்பும்போது நேரம் கூடுதலாகப் போட்டிருந்தால் அதற்குக் காரணம் காற்று என்று பலர் சொல்வார்கள். இந்த வழிக்கு அது பொருந்தாது. காற்று நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கிழக்கு மேற்காகப் போகும் நீண்ட வழிகளில். லண்டன்–சென்னை சுமார் 8,230 கிலோமீட்டர். அங்கிருந்து வரும்போது உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகைத் தள்ளும், போகும்போது முகத்தில் அடிக்கும், ஆகப் போவதற்கு ஒரு மணி நேரம் அளவுக்குக் கூடுதலாகும். இதன் உச்சம் ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ வழி. 2016 அக்டோபரில் அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டுப் பசிபிக் மேல் கிழக்கே போக ஆரம்பித்தார்கள். பழைய வழி 13,900 கிலோமீட்டர், புதிய வழி 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கூடியது, நேரமோ இரண்டு மணி அளவுக்குக் குறைந்தது! காற்று முதுகுப் பக்கம் இருந்தால் சுற்றுவழியே குறுக்குவழி ஆகிவிடுகிறது.

நம் வழியோ வடக்கு தெற்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று குறுக்கே, விலாவில் அடிக்கும். விமானம் மூக்கைச் சற்று மேற்கே திருப்பிவைத்துக்கொண்டு தெற்கே போகும். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகக் குறுக்குக் காற்று என்று வைத்தாலும் மூக்கு ஆறு பாகை திரும்பினால் போதும், மொத்த நேரத்தில் அரை நிமிடம்கூடக் கூடாது. பருவக்காற்று இந்த வழியில் நேரத்தைக் கூட்டுவது ஆகாயத்தில் இல்லை, மீனம்பாக்கத்தில். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் செய்யும். சென்னையின் பெரிய ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்குக் காற்று பலமாக இருந்தால் மேற்குப் பக்கம் ஏறி, அப்புறம் தெற்கே திரும்ப வேண்டும். திரும்பி வரும்போது காற்று கிழக்கிலிருந்து அடித்தால், தெற்கிலிருந்து வந்த விமானம் நகரத்தின் மேற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், அங்கிருந்து ஓடுதளத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அத்துடன் மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் விமானங்களுக்கு நடுவே இடம் கிடைக்கும் வரை சுற்றவைப்பார்கள். திரும்பும் நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிப் போட்டிருந்தால் அது இதற்காகத்தான். அந்தச் சுற்று இல்லாத நாளில் நேரத்துக்கு முன்பே வந்து இறங்கிவிடுவீர்கள்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரம். 1996இல் இலங்கை கடிகாரத்தை முன்னால் தள்ளி, 2006 ஏப்ரலில் மறுபடி நம் நேரத்துக்கு வந்தது. உங்கள் அம்மா அந்தப் பத்து ஆண்டுகளில் அங்கே தொலைபேசியில் பேசியிருந்தால் அரைமணி வித்தியாசம் நினைவிருக்கும்.

இனி கொழும்பு வழி. இதைப் பேசுவதற்கு முன் வரைபடத்தில் ஒரு வேலை செய்யுங்கள். மீனம்பாக்கத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். கோடு எதன் மேல் போகிறது? வலிகாமத்தின் மேல். இன்னும் நெருங்கிப் பார்த்தால் சுன்னாகத்துக்குப் பக்கத்திலேயே போகிறது. பலாலிக்கு இந்தியாவிலிருந்து விமானம் இல்லாத நாற்பது ஆண்டு அளவிலான காலத்தில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போன பலரும் தங்கள் வீட்டுக் கிணற்றைத் தாண்டி இன்னும் 290 கிலோமீட்டர் தெற்கே போய் இறங்கி, வந்த வழியே தரையில் திரும்பி வந்தார்கள். போர்க்காலத்தில் அந்தத் தரைவழியும் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. யாழ்ப்பாணத்துக்கு வரும் நெடுஞ்சாலையான ஏ9 வீதி 2009க்குப் பிறகு மறுபடி திறந்தது, யாழ் தேவி ரயில் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு மறுபடி வந்தது 2014 அக்டோபரில்.

சென்னை–கொழும்பு 645 கிலோமீட்டர், ஜெட்டில் ஒன்றரை மணிக்குள். அதைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். கட்டுநாயக்கவிலிருந்து புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக வானில் போனால் (அங்கே வேனை வான் என்பார்கள்) ஆறேழு மணி நேரம். சென்னையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கூட்டிப் பாருங்கள்: விமான நிலையம் போக ஒரு மணி, வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி முன்னால் வரச் சொல்வார்கள், பறக்க ஒன்றரை, குடிவரவு முடித்துப் பெட்டி எடுக்க ஒன்று, சாலையில் ஆறரை. பதிமூன்று மணி நேரம். நேரே பலாலி போனால் அதே ஒன்று, அதே மூன்று, பறக்க ஒன்றேகால், குடிவரவுக்கு ஒன்று, சுன்னாகத்துக்கு அரைமணி. ஏழு மணி நேரத்துக்குள் அம்மா வீட்டுத் திண்ணையில் இருப்பார். இந்த ஏழில் வானத்தில் இருப்பது ஒரு மணிகூட இல்லை என்பதையும் கவனியுங்கள். ஓர் ஏடிஆரில் எழுபது, எண்பது பேர்தான் என்றாலும் மூன்று மணி முன்னதாக வரச் சொல்லும் வழக்கம் முந்நூறு பேர் ஏறும் விமானத்துக்கு உள்ளதுதான். கொழும்பில் வேலையோ உறவோ இருந்தால் அந்த வழி சரி. இல்லையென்றால் வயதானவரை ஆறேழு மணி நேரம் வேனில் உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கப்பலும் இருக்கிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலத்துக்காக நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. 60 கடல் மைல், சுமார் நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து நாகைக்கு ஒரு ராத்திரிப் பயணத்தை அதோடு சேர்க்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு அருமையான வழி, சென்னைக்காரருக்கு அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் பாக்கு நீரிணை கொந்தளிக்கும், அப்போது கப்பலை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் திட்டம் போடுகிறவர்கள் கப்பலை நம்ப வேண்டாம்.

நேரடி விமானத்தின் வரலாற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், டிக்கெட் எடுக்கும்போது உதவும். 2019 அக்டோபர் 17ஆம் தேதி பலாலி திறக்கப்பட்டது, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து ஓட்ட ஆரம்பித்தது, நான்கு மாதத்தில் கொரோனா வந்து நின்றது. 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ தினசரி சேவை தொடங்கியது, 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் ஆரம்பித்தது. இந்த வழியில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ விமானம்தான். அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே தேதியை முடிவு செய்துவிட்டு விமானம் தேடாமல், விமானம் இருக்கும் நாளைப் பார்த்துத் தேதியை வையுங்கள். விமானம் ரத்தானால் அடுத்தது அன்று மாலை வராது என்பதையும் மனதில் வைத்து, திருமணம், திவசம் போன்ற தவறவிட முடியாத காரியம் இருந்தால் ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள்.

இனி ஏடிஆர் ஏறுவதைப் பற்றி. பெரிய விமானத்தில் மட்டும் போய்ப் பழகியவர்களுக்குச் சில விஷயங்கள் புதிதாக இருக்கும். பேருந்தில் கொண்டுபோய் விமானத்தின் பக்கத்தில் இறக்குவார்கள். கதவு பின்னால், வாலுக்குப் பக்கத்தில். முன்பக்கம் சாமான் அறை. விமானம் தாழ்வானது, தரையிலிருந்து சில படிகள்தான். ஆனாலும் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் முன்பதிவின்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். உள்ளே நடைபாதைக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கை. தலைக்கு மேலே உள்ள பெட்டி அறை சிறியது. கடினமான ஓடு போட்ட கேபின் டிராலி அதில் போகாமல் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கீழே போட்டுவிடுவார்கள். மருந்து, பாஸ்போர்ட், நகை மூன்றையும் துணிப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும்போது ஒரு பக்கத்து எஞ்சின் இரைந்துகொண்டிருக்க, அதன் விசிறி மட்டும் சுற்றாமல் நிற்பதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். ஜெட்டுகளுக்கு வாலில் ஒரு சின்ன துணை எஞ்சின் இருக்கும், நிற்கும்போது மின்சாரத்துக்கு அதுதான். ஏடிஆரில் அது கிடையாது. வலது எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டு மின்சாரம் எடுத்துக்கொள்வார்கள். கேட்க ஏதோ கோளாறு மாதிரி இருக்கும். கோளாறு இல்லை.

ஜன்னல் இருக்கை கேட்டால் போகும்போது வலப்பக்கம் கேளுங்கள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க எந்த மறைப்பும் கிடையாது. ஜெட் மாதிரி பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்துக்கும் இது போகாது, அதில் பாதி உயரம்தான். மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கரையோரமாகத்தான் வழி. அதற்குத் தெற்கே கரை மேற்கே வளைந்து போய்விடும், நீங்கள் கடல்மேல் நேராகப் போவீர்கள். வெளிச்சமான நாளில் இன்னும் கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் தூரத்தில் கோடியக்கரை மூக்கு தெரியும். அங்கிருந்து காங்கேசன்துறை ஐம்பத்தாறு கிலோமீட்டர்தான், அதாவது கோடியக்கரையைப் பார்த்த சற்று நேரத்தில் இறங்கத் தொடங்கியிருப்பார்கள். கீழே கடல் வெளிறி, பச்சையாகி, அப்புறம் சிவப்பு மண்ணும் பனையும் கட்டம் கட்டமாய் வெங்காயத் தோட்டமும் வந்துவிடும். பலாலி விமானப்படைத் தளமும்கூட. ஆகவே இறங்கும்போதும் தரையிலும் போன் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக, வெளியே வந்ததும் 'யாழ்ப்பாணம்' என்று சொல்லி வண்டி பிடித்தால் ஓட்டுநர் பதினாறு, பதினேழு கிலோமீட்டர் ஓட்டி நகரத்துப் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடுவார். அங்கிருந்து காங்கேசன்துறை வீதியில் பத்துக் கிலோமீட்டர் வந்த பக்கமே திரும்பி வர வேண்டியிருக்கும். நேரே சுன்னாகம் என்று சொல்லுங்கள். முடிந்தால் சுன்னாகத்து உறவினரை முன்கூட்டியே ஓட்டோவோ வானோ அனுப்பச் சொல்லிவிடுங்கள், விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் அவர்களுக்குத் தெரிவித்தால் போதும். அவர்களிடம் டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு முக்கால் மணி கழித்து வரச் சொல்லலாம், குடிவரவு முடிய அவ்வளவு நேரமாவது ஆகும்.